ஏட்டையாவின் நோட்டு



இன்று இங்கே நினைத்துப் பார்க்கப் போவது ஒரு மனிதரை. அவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். ஆனேக்கல்காரர். ஊரே அவரை அறியும். ஆனால் அவருடைய பெயர் இந்தப் பேச்சில் வராது.

ஏன் வராது? இரண்டு காரணங்கள் உண்டு.

குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே வருகிறவர்களின் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. அது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இது முதல் காரணம்.

இவர் ஒரே ஒரு ஆள் இல்லை என்பது இரண்டாவது காரணம். பல பேருடைய வாழ்க்கையில் நடப்பதைச் சேர்த்துச் சொல்லும் கதை இது. உங்கள் தெருவில் ஒருவர் இப்படி இருக்கலாம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆனால் கதையின் நடுவே வரும் ஆஸ்பத்திரிகளும் ஆண்டுகளும் பெயர் சொல்லப்படும் மனிதர்களும் மெய்யானவை.

கலகலப்பான மனிதர்

ஆனேக்கல் பெங்களூரு நகர மாவட்டத்தில் ஒரு தாலுகா. தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. சந்தைக்குப் போனால் கன்னடம் கேட்கும். தமிழ் கேட்கும். தெலுங்கும் கேட்கும். அவருக்கு மூன்றும் வரும். மூன்று மொழியிலும் ஆட்களைச் சிரிக்க வைப்பார்.

பல வருடம் ஏட்டாக இருந்தார். பிறகு உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். ஆனாலும் ஊருக்கு அவர் எப்போதும் ‘ஏட்டையா’தான்.

கரகத் திருவிழாவில் பந்தோபஸ்து டூட்டி பார்ப்பார். காணாமல் போன குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தாயைத் தேடுவார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள். தனியாக ஒரு டீ குடித்து அவருக்குப் பழக்கமே இல்லை.

குடி எப்படி வந்தது

குடியும் அப்படித்தான் வந்தது. கூட்டத்தோடு வந்தது.

நைட் டூட்டி முடியும். கூட வேலை செய்பவர்கள் கூப்பிடுவார்கள். “வாங்க ஏட்டையா, கொஞ்சம் போட்டுட்டுத் தூங்கலாம்” என்பார்கள். பிரமோஷன் கிடைத்தால் ஒரு பார்ட்டி. மாற்றல் வந்தால் ஒரு பார்ட்டி. காசு கேட்காமல் பாட்டில் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். போலீஸ்காரர் தயவு அவர்களுக்கு வேண்டும்.

போலீஸ் வேலையில் வேறு பாரமும் உண்டு. தண்டவாளத்தில் கிடக்கும் பிணத்தை எடுக்க வேண்டும். ரோட்டில் லாரி மோதிச் செத்தவரின் வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். நேரத்துக்குச் சோறு இருக்காது. தூக்கம் இருக்காது. கேட்ட நாளில் லீவு கிடைக்காது. பார்த்ததை எல்லாம் மனதுக்குள் போட்டுப் பூட்ட வேண்டும்.

2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. பாக்கெட் சாராயம் நின்றது. கள்ளச்சாராயம் தலை தூக்கியது. 2008 மே மாதம் பெங்களூரு வட்டாரத்திலும், கோலாரிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனால் கண்ணைப் பறிக்கும். உயிரையும் பறிக்கும். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள்.

அந்த வாரம் ஏட்டையா வீட்டுக்கு வரவில்லை. பிணங்களை வண்டியில் ஏற்றும் டூட்டி. நாலாம் நாள் வந்தார். சட்டையைக் கழற்றினார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலைத் திறந்தார்.

“குடிச்சுச் செத்தவங்களைத் தூக்கிட்டு வந்து, நீங்களும் குடிக்கிறீங்களே” என்றார் மனைவி.

“அது கள்ளச்சாராயம். இது கடைச் சரக்கு” என்றார் அவர்.

கடையில் விற்கும் பிராந்தியில் அந்த அளவு மெத்தனால் இருக்காது. அது உண்மை. ஆனால் அந்தப் பிராந்தியும் ஈரலைக் கெடுக்கும். மூளையைக் கெடுக்கும். குடும்பத்தையும் கெடுக்கும். கொஞ்சம் மெதுவாகக் கெடுக்கும். அவ்வளவுதான்.

தொப்பியைக் கழற்றிய பிறகு

மூன்று வருடம் போனது. அவருக்கு 60 வயது ஆனது. ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டார். போக இடம் இல்லை. பார்க்க ஆள் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனார். புதிய பையன்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

முன்பு இரவில் மட்டும் குடித்தவர் பகலிலும் குடித்தார். முன்பு கூட்டத்தோடு குடித்தவர் தனியாகக் குடித்தார். பிறகு காலையில் கண் விழித்ததும் குடித்தார். குடிக்காவிட்டால் கை நடுங்கியது. வேர்த்தது. வாந்தி வந்தது. குடித்தால் நடுக்கம் நின்றது.

இதுதான் நோயின் அடையாளம். ஆசைக்குக் குடிக்கும் காலம் போய்விட்டது. உடம்பு நடுங்காமல் இருக்கக் குடிக்கும் காலம் வந்துவிட்டது. இதைக் குடிநோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது? 2019இல் இந்திய அரசு ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்று அது சொன்னது. அவர்களில் ஐந்தே முக்கால் கோடிப் பேருக்குக் குடியால் கேடு வந்துவிட்டது, அவர்களுக்கு உதவி தேவை என்றும் சொன்னது. அந்தக் கோடிகளில் ஒருவர்தான் ஏட்டையா.

ஆனால் உதவி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. குடிகாரர்களைப் பிடித்து உள்ளே தள்ளியவர் அவர். “நானும் குடிகாரன்தான்” என்று எப்படிச் சொல்வார்? டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். வாசலில் யாராவது கூப்பிட்டால், “இல்லேன்னு சொல்லு” என்பார். ஊரைச் சிரிக்க வைத்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பேங்கில் ஒரு நாள்

நவம்பர் மாதம் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு தாள் கொடுக்க வேண்டும். ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்பதற்கான சான்று அது. அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

மனைவியோடு பேங்குக்குப் போனார். குடிக்காமல்தான் போனார். மரியாதைக்காக. பேனாவை எடுத்தார். கை நடுங்கியது. கோடு எங்கெங்கோ போனது. இன்னொரு தாள் வாங்கினார். அதுவும் அப்படியே ஆனது.

பேங்க் ஊழியர் தாளைப் பார்த்தார். பழைய கையெழுத்தைப் பார்த்தார். “ஒத்து வரலையே சார்” என்றார். பிறகு மெதுவாக மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

ஏட்டையா தன் கட்டை விரலை மையில் வைத்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் வழக்குகளை எழுதிய கை அது. எத்தனையோ பேரிடம் “கையெழுத்து தெரியாதா? சரி, விரலை வை” என்று சொன்ன வாய் அது. கைநாட்டு வைப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. எழுதக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைக்காதவர்கள் வைக்கிறார்கள். ஆனால் இவர் கற்ற எழுத்தைக் குடி பிடுங்கிக்கொண்டது.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு நெஞ்சு அடைத்தது. அவர் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. எழுத்தறிவு வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். அன்று இரவு அவர் கணவரிடம் சொன்னார்:

“என்னங்க, எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் கையெழுத்து வந்துச்சு. உங்க கையெழுத்து திரும்பி வராதா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க.”

அவர் பதில் பேசவில்லை. ஆனால் மறுநாள் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில்

ஆனேக்கலில் பஸ் ஏறினார்கள். சந்தாபுரம் வழியாக ஓசூர் ரோட்டைப் பிடித்துப் பெங்களூருக்குப் போனார்கள். அந்த ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது நிமான்ஸ் ஆஸ்பத்திரி. மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் மத்திய அரசு நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி அது. குடிநோய்க்கும் போதை நோய்க்கும் அங்கே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனேக்கல் தாலுகாவுக்கும் நிமான்ஸுக்கும் பழைய உறவு உண்டு. 1970களில், இந்தத் தாலுகாவில் உள்ள சக்கலவாரா கிராமத்தில் நிமான்ஸ் ஒரு மையம் தொடங்கியது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கு மனநோயைப் பற்றி அங்கே பயிற்சி கொடுத்தார்கள். ‘மனநோய் என்றால் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, கிராமத்திலேயே உதவி கொடுக்கலாம்’ என்பதைச் செய்து காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

டாக்டர் ஏட்டையாவைத் திட்டவில்லை. முதலில் ஒரு எச்சரிக்கை சொன்னார். “தினமும் நிறையக் குடிக்கிறவங்க வீட்டிலே இருந்துக்கிட்டு ஒரேயடியா நிறுத்தக் கூடாது. டாக்டர் கண்காணிப்பிலதான் நிறுத்தணும்” என்றார்.

இது முக்கியமான செய்தி. பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று குடி இல்லாமல் போனால் தடுமாறும். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியலாம். இல்லாத குரல் காதில் கேட்கலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து வரும். இதைத் தடுக்க மருந்து இருக்கிறது. குடிப்பவர்களின் உடம்பில் பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அது குறைந்தால் மூளை கெடும். அதையும் ஊசியாகப் போடுவார்கள்.

சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏட்டையாவின் கை இன்னும் நடுங்கியது. மனைவி பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார்கள். குடிநோய் வீட்டில் ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோரும் வாடுவார்கள். மனைவி தன்னையே குறை சொல்லிக்கொள்வார். பிள்ளைகள் பயந்தே வளர்வார்கள். அவர்களுக்கும் ஆறுதல் வேண்டும்.

சென்னையில் இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையாரின் கணவர் டி.டி. ரங்கநாதன். வசதியான, பேர்பெற்ற குடும்பம். ஆனாலும் குடிநோய் அவரை விடவில்லை. 1979இல் இளம் வயதிலேயே இறந்தார். சாந்தி அம்மையார் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. மறு ஆண்டே, 1980இல், கணவர் பெயரில் ஒரு சேவை நிறுவனம் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று மக்கள் அதை அறிவார்கள். கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தினார்கள். நோயாளிகள் முகாமிலேயே தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை கொடுத்தார்கள். 1992இல் அந்த அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பணக்கார வீடு, ஏழை வீடு என்று குடிநோய் பார்ப்பதில்லை என்பதற்கும் இது ஒரு சான்று.

கல்யாண வீட்டில்

சில வாரம் கழித்து ஏட்டையா வீடு திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. கை நடுக்கம் குறைந்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நாலு மாதம் போனது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. பழைய சிநேகிதர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாடியில் பாட்டில் திறந்தார்கள்.

“ஒண்ணே ஒண்ணு ஏட்டையா. ஒரு கிளாஸ்ல என்ன ஆகிடும்?” என்றார் ஒருவர்.

ஒரு கிளாஸ் குடித்தார். அன்று இரவு அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறு வாரம் காலைக் குடியும் வந்துவிட்டது.

மகள் அழுதாள். “இனிமே அவரு திருந்த மாட்டாரும்மா” என்றாள். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் நம்பிக்கை போய்விடும். ஆனால் டாக்டர்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். ஆஸ்துமா போன வருடம் குறைந்து இந்த வருடம் மறுபடி வந்தால் யாரும் நோயாளியை அயோக்கியன் என்று சொல்வதில்லை. மறுபடி மருந்து கொடுக்கிறார்கள். குடிநோயும் திரும்ப வரக்கூடியது. திரும்ப வந்தால் திரும்பப் போக வேண்டும். சிகிச்சை வீணாகிவிட்டது என்று பொருள் இல்லை.

மனைவி மறுபடி பஸ் ஏற்றினார்.

டீ கொடுத்த கை

இந்த முறை டாக்டர் ஒன்று சொன்னார். “மருந்து உடம்பைத் தேத்தும். ஆனா வீட்டுக்குப் போனதும் தனியா உட்காராதீங்க. குடியை விட்டவங்க கூட்டம் இருக்கு. அங்கே போங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனார். ஒரு பள்ளிக்கூட அறை. பத்துப் பதினைந்து பேர். ஆட்டோ டிரைவர், கம்பெனித் தொழிலாளி, காய்கறிக்காரர், ஒரு வாத்தியார். கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் டீ கொடுத்தார்.

“ஏட்டையா, என்னைத் தெரியுதா?” என்று கேட்டார்.

ஏட்டையா உற்றுப் பார்த்தார். தெரியவில்லை.

“தறி ஓட்டுறவன். ஒரு தீபாவளிக்குக் குடிச்சுட்டு ரோட்டில சண்டை போட்டேன். ராத்திரி பூரா உங்க ஸ்டேஷன்லதான் கிடந்தேன்.”

ஏட்டையா தலை குனிந்தார். “அடிச்சேனா?” என்று கேட்டார்.

“அடிச்சீங்க. அது கிடக்கட்டும். டீ ஆறிப்போகும், குடிங்க” என்றார் தறிக்காரர்.

அன்று அந்தத் தறிக்காரர்தான் கூட்டத்தில் ஒரு பழைய கதை சொன்னார். அது மெய்யாக நடந்த கதை.

இரண்டு பேர் சந்தித்த கதை

அமெரிக்காவில் பில் என்று ஒருவர் இருந்தார். பங்குச் சந்தையில் வேலை. குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். 1934 டிசம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை விட்டார். ஐந்து மாதம் போனது. 1935 மே மாதம், வேலை விஷயமாக ஏக்ரன் என்ற வெளியூருக்குப் போனார். போன காரியம் தோற்றது. கையில் காசு இல்லை. ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் பார். உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன்.

உள்ளே போனால் செத்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. ‘இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் நான் தப்புவேன்’ என்று நினைத்தார். டெலிபோனை எடுத்தார். அந்த ஊர்ச் சர்ச்சுகளுக்குப் போன் செய்து விசாரித்தார். கடைசியில் ஒரு பெண்மணி வழிகாட்டினார். பாப் என்ற ஒரு டாக்டர் அந்த ஊரில் இருந்தார். அவரும் பெரிய குடிகாரர்.

1935 மே 12. பில்லும் டாக்டர் பாப்பும் சந்தித்தார்கள். “கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன்” என்ற எண்ணத்தோடு வந்தார் டாக்டர். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கிய பேச்சு ராத்திரி பதினொரு மணி வரை போனது. பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தான் பட்டதைச் சொன்னார். அதனால் டாக்டர் காது கொடுத்துக் கேட்டார்.

அதன் பிறகும் டாக்டர் பாப் ஒரு தடவை வழுக்கினார். வெளியூரில் நடந்த டாக்டர்கள் மாநாட்டுக்குப் போனபோது குடித்துவிட்டார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10இல் டாக்டர் கடைசியாகக் குடித்தார். 1950இல் சாகும்வரை மறுபடி தொடவில்லை. பில் 1971இல் இறந்தார். அவரும் கடைசி வரை குடிக்கவில்லை.

அந்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ‘பெயர் சொல்லாத குடிநோயாளிகள்’ என்று அதற்குப் பொருள். சுருக்கமாக ‘ஏ.ஏ.’ என்பார்கள். 1957இல் அது இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் கிடையாது. சாதி, மதம், ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்று போதும்.

குடும்பத்தாருக்கும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. அதன் பெயர் ‘ஆல்-அனான்’. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் அதைத் தொடங்கினார்.

ஏ.ஏ. வழி எல்லோருக்கும் ஒத்து வர வேண்டும் என்பதில்லை. சிலருக்கு டாக்டரின் ஆலோசனை போதும். சிலருக்கு மருந்தும் வேண்டும், கூட்டமும் வேண்டும். யாருக்கு எது உதவுகிறதோ அதுவே நல்ல வழி.

மீண்டும் கலகலப்பு

தறிக்காரர் ஒரு யோசனை சொன்னார். “வாழ்நாள் பூரா குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க ஏட்டையா. மலைப்பா இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருங்க. நாளைக்கு நாளையப் பாத்துக்கலாம்.”

அப்படியே செய்தார். ஒரு நாள் பத்து நாள் ஆனது. பத்து நாள் ஒரு வருடம் ஆனது.

யாரையெல்லாம் நோகடித்தோம் என்று ஒரு பட்டியல் எழுதினார். அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். சிலர் மன்னித்தார்கள். ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. மகள் ரொம்ப நாள் நம்பவில்லை. இரண்டாவது வருடம்தான் பேரனை அவரிடம் விட்டு வேலைக்குப் போனாள்.

டீக்கடைக்கு மறுபடி வந்தார். பழைய சிரிப்பு திரும்பியது. ‘குடியை விட்டால் ஆளே மாறிவிடுவோமோ, நண்பர்கள் எல்லாம் போய்விடுவார்களோ’ என்று பயந்தவர் அவர். சில நண்பர்கள் போனார்கள். பத்து மடங்கு பேர் வந்தார்கள்.

நாலு பேரைக் கூட்டிச் சிரிக்க வைக்கும் குணம் அவரை ஒரு காலத்தில் பாருக்குக் கொண்டுபோனது. இப்போது அதே குணம் மற்றவர்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் போன் செய்வாள். “ஏட்டையா, அவரு கை நடுங்குது, என்னமோ உளறுறாரு” என்பாள். உடனே ஆட்டோ பிடித்துப் போவார். ஆஸ்பத்திரி வாசல்வரை கூடப் போவார். லத்தி பிடித்த கையால் நோயாளியின் தோளைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்.

வேலையில் இருக்கும் போலீஸ்காரர்களும் ரகசியமாக அவரைத் தேடி வந்தார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியா எப்போ தூங்கினே?” என்பதுதான்.

போலீஸ்காரருக்குப் போலீஸ்காரரே உதவுவது உலகத்தில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் போலீசில் எட் டோனவன் என்று ஒருவர் இருந்தார். அவரும் குடியிலிருந்து மீண்டவர். 1970களில், துன்பத்தில் இருக்கும் சக போலீஸ்காரர்களுக்கு உதவ ஒரு திட்டம் தொடங்கினார். நம் நாட்டில் புனே நகரில் 1986இல் அனிதா அவசட், டாக்டர் அனில் அவசட் என்ற தம்பதியர் ‘முக்தாங்கண்’ என்ற மறுவாழ்வு மையம் தொடங்கினார்கள். அங்கே சிகிச்சை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. காக்கிச் சட்டைக்குள் இருப்பதும் மனித உடம்புதான். அதற்கும் நோய் வரும். அதற்கும் மருந்து வேண்டும்.

நோட்டு

குடியை விட்டு ஒன்பது வருடம் ஆனது. ஆனால் பழைய குடி ஈரலை முன்பே கெடுத்து வைத்திருந்தது. குடியை விட்டால் ஆயுள் நீளும். கெட்டுப்போன எல்லாம் திரும்பி வராது. ஒரு நாள் விடியற்காலையில், தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

சாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேரை வீட்டாருக்கு யார் என்றே தெரியவில்லை. ஒருவர் வந்து கும்பிட்டார். “எனக்கு ஆறு வருசம் ஆச்சும்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னொரு பெண் வந்தாள். “எங்களுக்கு ரெண்டு வருசம்” என்றாள். தறிக்காரர் ஒரு மூலையில் நின்று எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மனைவி அவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு ஒரே ஒரு வரி. ‘இன்று குடிக்கவில்லை.’

முதல் நோட்டில் எழுத்து நடுங்கியது. வரி மேலும் கீழும் போனது. போகப் போக எழுத்து நேரானது. கடைசி நோட்டில் அது பழைய ஏட்டையாவின் கையெழுத்து. உருண்டு திரண்டு நின்றது.

ஸ்டேஷனில் அவர் எழுதியது எல்லாம் கன்னடத்தில். இந்த நோட்டுகளைத் தமிழில் எழுதியிருந்தார். மனைவிக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அதுதான்.

மனைவி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அவர் இறந்ததற்கு முந்தின நாளோடு எழுத்து நின்றிருந்தது. பேனாவை எடுத்தார். அவர் போன நாளின் தேதியைப் போட்டார். எழுத்தறிவு வகுப்பில் கற்ற தன் எழுத்தில், மெதுவாக, ஒரு வரி எழுதினார்.

‘இன்றும் குடிக்கவில்லை.’

நினைவில் வைக்க

தோழர்களே, வீட்டுக்குப் போகும் முன் சில செய்திகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

குடிநோய் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் நோய் வளரும்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். நடுக்கம், வலிப்பு, உளறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குடியை மறக்கடிக்கும் மருந்து என்று யாரோ விற்கும் பொடியைச் சோற்றிலோ குழம்பிலோ ரகசியமாகக் கலக்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மாத்திரை ஒன்றை டாக்டர்கள் சிலருக்குக் கொடுப்பதுண்டு. நோயாளிக்குத் தெரிந்துதான் அதைக் கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் உயிரே போகலாம்.

மறுபடி குடித்துவிட்டால் மறுபடி சிகிச்சைக்குப் போங்கள்.

14446 என்பது போதை மறுவாழ்வுக்கான அரசின் இலவசத் தொலைபேசி எண். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அதுவும் இலவசம்தான். இந்த இரண்டு எண்களையும் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேவைப்படலாம்.

யாராவது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால், போய் ஒரு தடவை தட்டுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.